மூன்றாவது முடிச்சுக்கு முன்னால் ஒரு ஃப்ரேம்

பூர்ணிமா தான் எடிட் செய்யும் கல்யாண வீடியோவில் எங்கே வெட்டுகிறாளோ, அங்கே கல்யாணத்திலும் வெட்டு விழும். கல்யாணம் முடிந்து எத்தனை நாளானாலும் சரி. கோபிச்செட்டிபாளையத்தில் யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. போன ஆவணியில் ஒரு பந்திக் காட்சியை அவள் எடுத்துவிட்டபோது, அதில் சாப்பிட்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பசித்தது. எதிர்க்கடைக்குப் போய் இட்லி சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

இன்று, முடிந்துபோன ஒரு கல்யாணத்தின் தாலிகட்டை வெட்டினாள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் அவளுடைய ஸ்டுடியோ வாசலுக்கே வந்துவிட்டது. நடுரோட்டில் நின்றது. டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின.

மண்டபத்து ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் தங்கை தாரணி எட்டிப் பார்த்தாள். கையில் மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனிகள்.

"ஏனுங்க்கா, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கறீங்க? எங்கண்ணன் போட்டது ஒண்ணு, நான் போட்டது ஒண்ணு. மூணாவது முடிச்சக் காணோம்."

பெண்ணின் தாய்மாமன் பழனியப்பன் அவளைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். "முகூர்த்தம் முடியப் போகுது கண்ணு. மூணாவது விழலீன்னா புள்ளைய ஊட்டுக்குத் திருப்பிக் கூட்டீட்டுப் போகோணும். எங்கக்கா என்னையத்தான் வைவா."

பூர்ணிமாவுக்குத் தவறு உடனே புரிந்தது. தவிலைக் கேட்டு வெட்டியிருந்தாள். கெட்டிமேளத்தின் கடைசி அடியில் வெட்டினால் வீடியோ துள்ளும். ஆனால் தவில்காரர் பார்ப்பது ஐயரின் விரலை. ஐயர் பார்ப்பது கடிகாரத்தை. முடிச்சை யாருமே பார்ப்பதில்லை. அடி விழுந்து ஒரு ஃப்ரேம் கழித்துத்தான் அது இறுகுகிறது.

"தப்புத்தானுங்க. இழுத்து உட்டர்றேன்."

வெட்டிய துண்டு எங்கேயும் போய்விடாது. திரையில் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வரும். இழுத்தாள். ஒரு ஃப்ரேம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அதில் மேடை இல்லை. பவானி ஆறு இருந்தது.

மணப்பெண் கயல் அதை எட்டிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். போட்டோகிராபர் சொல்லாமல் அவள் அவரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு நீச்சல் வருமா?"

"வராதுங்க."

"வாங்க, கத்துக்குடுக்கறேன்."

இருவரும் மாலையோடு எழுந்து, வெட்டு விழுந்த அந்த இடைவெளிக்குள் போனார்கள்.

கயிறு நீண்டது. தாரணி குத்துவிளக்கில் காலை ஊன்றிக்கொண்டாள். "அண்ணே, மெதுவா!" கயிறு ரோட்டைத் தாண்டியது. ஒரு பஸ்ஸின் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறியது. கண்டக்டர் குனிந்து வழிவிட்டார். வாழைத்தோட்டத்துக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

பூர்ணிமா இழுத்துக்கொண்டே இருந்தாள். ஹெட்போனில் தண்ணீர் அடிக்கும் சத்தம், இருமல், சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. நாற்காலி தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது.

"இன்னும் எவ்வளவு இழுப்ப?" என்றார் பழனியப்பன்.

"அவங்க பேசி முடிக்கட்டுமுங்க."

"பேசறதுக்கு என்ன கிடக்குது? நானும் எங்கூட்டுக்காரியும் இன்னைக்கு வரைக்கும் பேசுனதில்ல. நல்லாத்தான் இருக்கறோம்."

ஐயர் விரலைத் தூக்கினார். "முகூர்த்தத்துல ஒரு ஃப்ரேம்தாம்மா பாக்கி."

பூர்ணிமா ஹெட்போனைக் கழற்றினாள். தவில் முழங்கியது, அவள் கேட்கவில்லை. தாரணியின் விரல்களை மட்டும் பார்த்தாள். கயிற்றின் அந்தக் கோடியிலிருந்து ஓர் இழுப்பு வந்தது. அவசரமே இல்லாத இழுப்பு. கயிற்றைப் பிடித்திழுத்துத் தாரணி முடிச்சுப் போட்டாள். அது இறுகியது. பூர்ணிமா வெட்டினாள்.

அட்சதை விழுந்தது. பஸ்களின் கூரையிலும் விழுந்தது. கல்யாணம் முடிந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மண்டபம் தூண்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றைப் பார்க்க நடந்தது. உள்ளே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழனியப்பன் மட்டும் இறங்கி நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கண்ணு."

"சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரிக்கு நீச்சல் வருமான்னு நான் கேக்கவே இல்ல." ஸ்டுடியோத் திரையை எட்டிப் பார்த்தார். "எங்க கல்யாணத்துல வீடியோ எடுக்கல."

"பரவால்லீங்க" என்றாள் பூர்ணிமா. திரையில் காலியாக இருந்த வீடியோ ட்ராக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது.