நாமும் நாங்களும்

அச்சகத்தில் அவளை எல்லோரும் ‘ஒற்றக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை திருத்துவது அவள் வேலை. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், கேள்வித்தாள் என்று எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள், தன் வீட்டுக் கடன் பத்திரத்தையும் அப்படித்தான் பார்த்தாள். மூன்று எழுத்துப்பிழைகளைப் பிடித்து வங்கி அதிகாரியிடம் காட்டினாள். அவர் அசந்துபோய்ப் பாராட்டினார். அந்த ஜோரில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். வட்டி ‘மாறக்கூடியது’ என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. அந்த வரியில் பிழை எதுவும் இல்லாததால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

அது எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. வீடு வாங்கும்போது பக்கத்தில் ரயில் நிலையம் வரும் என்றார்கள். வந்தது மேம்பாலம், அதுவும் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக. பஸ்ஸில் போகிறவர்கள் இவர்கள் வீட்டு டிவியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டு போகலாம். வட்டி ஏறியது, வீட்டு விலை இறங்கியது. கடனை நூறு என்று வைத்துக்கொண்டால், வீட்டை எண்பதுக்குக் கேட்கவே ஆள் தேட வேண்டும்.

அப்படியும் காலத்தை ஓட்டியிருப்பார்கள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை மேற்பார்வையாளர் ஆக்கி, கூடவே வேறு ஊருக்கும் மாற்றிவிட்டது. ஒன்றாம் தேதி அங்கே நிற்க வேண்டும். அங்கே வாடகை, இங்கே தவணை, இரண்டுக்கும் சம்பளம் தாங்காது. வீட்டைத் தலைமுழுகினால்தான் இருவரும் சேர்ந்து கிளம்ப முடியும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் தனித்தனியாக இருந்ததே இல்லை. 

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் ஒரு லிஃப்ட்டுக்குள்ளிருந்து நோட்டீஸ் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தார். வாயெல்லாம் பல்.

“படிச்சுப் பாரு. ஏழே நாள்ல வீட்ட வாங்கிக்கறாங்களாம்.”

‘எந்த நிலையில் இருந்தாலும் உங்கள் வீட்டை நாங்கள் வாங்குகிறோம். வங்கியிடம் நாங்கள் பேசுகிறோம். மீதிக் கடனை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.’

“எங்க அச்சகத்துல அடிச்சதுதான்,” என்றாள் அவள். “ஒத்தெல்லாம் சரியா இருக்கு பாருங்க.”

“ஒத்து கெடக்கட்டும். மீதிய அவங்களே பாத்துக்குவாங்களாம், அதப் பாரு.”

போன் செய்ததும் மறுநாளே அந்தக் கம்பெனியின் ஆள் வந்துவிட்டார். அவருக்கு வீட்டில் ‘ஏழுநாள்’ என்று பெயர் வைத்தாயிற்று. ஏழுநாள் சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், குளியலறை ஈரத்தைப் பார்த்து “குளிர்ச்சியான வீடு” என்றார். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனதும், “போக்குவரத்து வசதி” என்றார். இவ்வளவு புகழ்ந்துவிட்டு அறுபத்தைந்து என்று விலை சொன்னார்.

கணவரின் முகம் விழுந்தது. பிறகு அவரே தேற்றிக்கொண்டார். “சரி விடுங்க. மீதி உங்க தலைவலிதானே.”

“அதெல்லாம் நாம பாத்துக்கலாம் சார்,” என்று ஏழுநாள் அவர் தோளில் கை போட்டார். “வீட்டுப் பத்திரத்த விடுவிக்கச் சொல்லி வங்கிகிட்ட பேசி, மீதிய தனிக் கடனா மாத்திடலாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து.” ஒப்பந்த நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் அவள் அச்சகத்தில் அந்த நகலைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே ஐந்து பிழைகள். சிவப்புப் பேனாவைத் திறந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறாவது ஷரத்துக்கு வந்தாள். ‘மீதிக் கடனை நாம் பார்த்துக்கொள்வோம்.’ மற்ற இடத்திலெல்லாம் ‘நாங்கள்’ என்று இருக்க, இங்கே மட்டும் என்ன ‘நாம்’? அடித்துவிட்டு ‘நாங்கள்’ என்று எழுதப் போனாள். கை நின்றது. இதே வரியை இதே கை முன்பே ஒருமுறை அடித்திருக்கிறது.

பிழை திருத்திய பழைய மெய்ப்புத் தாள்கள் கிடக்கும் அலமாரியைக் குடைந்தாள். நோட்டீஸின் மெய்ப்பு கிடைத்தது. கடைசி வரியில் ‘நாம்’ அடிக்கப்பட்டு, மேலே அவள் கையெழுத்தில் ‘நாங்கள்’. ஓரத்தில் ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று குறிப்பு வேறு. கீழே, படிக்காமலே ‘சரி’ என்று ஏழுநாள் போட்ட கையெழுத்து.

நாங்கள் என்றால் அவர்கள் மட்டும். நாம் என்றால் கேட்டுக்கொண்டிருப்பவனும் உள்ளே. ஒரு சொல்லை மாற்றி, ஒரு கம்பெனியின் தலையில் ஊரார் கடனையெல்லாம் தூக்கி வைத்திருக்கிறாள். அந்த வரியை நம்பித்தான் தன் வீட்டுக்காரரே வீட்டை விற்கக் கிளம்பியிருக்கிறார்.

சாயங்காலம் அவரிடம் சொன்னாள். அவர் நோட்டீஸை நீவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அச்சுல வந்தது வந்ததுதான். அத மேசையில வெச்சா அவங்க வாயத் தெறக்க முடியாது. நீ மட்டும் எதுவும் சொல்லாம இரு.”

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. முப்பத்தைந்து பங்குக் கடன் ஒரே சொல்லில் கரைந்து போகிறது. ஒன்றாம் தேதி இருவரும் சேர்ந்து பஸ் ஏறலாம். சும்மா இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை ஏழுநாள் புதுப் பேனாவோடு வந்தார். ஒப்பந்தத்தை மேசையில் பரப்பினார். கணவர் நோட்டீஸை எடுத்து அதன் மேல் வைத்தார்.

“இதுல நாங்கள்னு இருக்கு, அதுல நாம்னு இருக்கு. நோட்டீஸ்ல இருக்கிற மாதிரியே போட்டுக் குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறோம்.”

ஏழுநாள் நோட்டீஸைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாம் முறை விரலை வைத்துப் படித்தார்.

“நான் நாம்னுதானே எழுதினேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “இல்ல, நான்தான் தப்பா எழுதிட்டேனா? ஊர் பூரா ஒட்டியாச்சே. மொதலாளி பாத்தா...”

அந்த இடத்தில்தான் அவளால் முடியவில்லை. மற்றவர் பிழைக்குத் தான் திட்டு வாங்குவது அவளுக்குப் பழக்கம். தன் பிழையை இன்னொருவர் தன் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது.

“நீங்க சரியாத்தான் எழுதினீங்க. மாத்தினது நான்,” என்றாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். நாம்னு எழுதினப்ப யார நெனச்சு எழுதினீங்க?”

“அது... வீட்டுக்காரங்களையும் சேத்துத்தான்.”

“சேத்துன்னா, எவ்வளவு அவங்களுக்கு, எவ்வளவு உங்களுக்கு?”

ஏழுநாள் பேனா மூடியைத் திருகினார். பொய் சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் அவள் இப்போதுதான் அவர் வேலையைக் காப்பாற்றியிருந்தாள்.

“முழுசும் அவங்களுக்குத்தான்,” என்றார்.

அவள் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஆறாவது ஷரத்தில் ‘நாம்’ என்பதை அடித்து, மேலே ‘நீங்கள்’ என்று எழுதினாள். அதற்குத் தக்கபடி வினையின் விகுதியையும் மாற்றி, தாளைத் திருப்பிக் காட்டினாள்.

“இப்ப சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு,” என்றார் ஏழுநாள். கையெழுத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், கொடுத்திருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். ஒப்பந்தத்தை மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டாரா தெரியவில்லை.

கணவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை. அவள் போனை எடுத்து வங்கியைப் பிடித்தாள். மீதியைத் தனிக் கடனாக மாற்றுவதற்கு நடுவில் ஆள் தேவையா என்று கேட்டாள். தேவையில்லையாம். இவர்களே எண்பதுக்கு ஆள் பிடித்து வந்தால் வங்கி ஒத்துக்கொள்ளுமாம். ஆனால் ஏழு நாளில் நடக்காது, ஐந்தாறு மாதம் ஆகலாம்.

“நீங்க மொதல்ல போய்ச் சேருங்க,” என்றாள். “நான் இருந்து வித்துட்டு வர்றேன்.”

“கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு கட்டில் குடுப்பாங்க. ஆறு மாசம் ஓட்டிடலாம்.” அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“எல்லாம் என்னாலதான். அன்னைக்கு வட்டிய விட்டேன், இன்னைக்கு வாயத் தெறந்தேன்.” அழுகை வந்தது, அழுதாள். “வித்தாலும் இருபது மிச்சம் நிக்குமே.”

பஸ் ஒன்று ஜன்னலை உலுக்கிக்கொண்டு போனது. அது போகும்வரை பொறுத்திருந்து அவர் சொன்னார்: “நாம பாத்துக்கலாம்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நாமன்னா, எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு எனக்கு?”

“பாதி பாதி,” என்றார் அவர். “எழுதித் தரவா?”

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.