படம் எடுக்காத வருஷங்கள்

பூதலூர் பஞ்சநதம் வீட்டுப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் வளர்ந்தார்கள்: டிசம்பரில், தஞ்சாவூர் நெய்னா முகம்மது ஸ்டுடியோவில், கிறிஸ்துமஸ் தாத்தா மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும்போது. மற்ற மாதங்களில் நகமும் முடியும் நீளும், அவ்வளவுதான். பஞ்சநதம் சர்ச் வாசலை மிதித்தவரில்லை. பிறந்த அளவிலேயே மாதக்கணக்காகக் கிடந்த மகன் சூர்யபிரகாஷை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவர், ஸ்டுடியோ வாசலில் சிவப்புச் சட்டைக்காரரைப் பார்த்துக் குழந்தை சிரித்ததே என்று அந்த மடியில் வைத்தார். பல்பு மின்னியது, ஒரே நொடியில் வளர்ந்துவிட்ட பிள்ளையின் அரைஞாண் கயிறு அறுந்தது. அன்றிலிருந்து அது குடும்ப வழக்கமாகிவிட்டது. பெரிய அளவுச் சட்டை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு ரயிலேறுவார்கள். போகும்போது டிக்கெட் வேண்டாத பிள்ளைக்குத் திரும்பும்போது அரை டிக்கெட் வாங்கிய வருஷமும் உண்டு. கவுன்ட்டரில் இருந்தவர் ஏன் என்று கேட்கவில்லை.

சூர்யபிரகாஷுக்குக் கல்யாணமாகி அவன் மகள் குந்தவையும் அப்படியே வளர்ந்தாள். அவளுக்கு நான்கு வயது நடந்தபோது அவன் குவைத்துக்குக் கிரேன் ஓட்டப் போனான். விமான நிலையத்தில் மனைவி இசைவாணியிடம், "நான் வர்ற வரைக்கும் பாப்பாவ ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிடாத. அவ வளர்றத நான் கண்ணால பாக்கணும்" என்றான். கேட்டதில் தப்பில்லை. எந்தத் தகப்பனும் கேட்கக்கூடியதுதான். இசைவாணியும் சரி என்றுவிட்டாள்.

முதல் டிசம்பரில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது டிசம்பருக்குள் கம்பெனி மாறிவிட்டதால் லீவுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. குந்தவை நான்கு வயது உடம்போடு இரண்டாம் வகுப்புக்குப் போனாள். புத்தி மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. பேப்பரை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள், தாத்தாவின் நகைக்கடன் வட்டியில் தப்புக் கண்டுபிடித்தாள், ஆனால் குழாயைத் திறக்க முக்காலி போட வேண்டியிருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் பல் விழுந்துவிட்டது. அவளுக்கு ஒன்றுகூட ஆடவில்லை. பக்கத்து வீட்டு செந்தாமரை, வயலுக்குத் தண்ணியை நிறுத்துகிற மாதிரி இவள் பிள்ளைக்கு வயசை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று தெருக்குழாயடியில் சொன்னாள். கேலியாகத்தான் சொன்னாள், ஆனாலும் இசைவாணி அன்று குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்கும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. மகள் அதே அளவில் இருக்கும்வரை புருஷன் நேற்றுத்தான் போன மாதிரி இருந்தது. சட்டை மாறவில்லை, செருப்பு மாறவில்லை, இடுப்பில் ஏறும் கனமும் மாறவில்லை. படம் எடுத்துவிட்டால் இத்தனை காலம் அவன் இல்லாமல் போனது மொத்தமாகக் கண்முன் வந்து நிற்கும். அதற்குத்தான் அவள் பயந்தாள். வாக்குக் கொடுத்ததெல்லாம் ஊருக்குச் சொல்கிற காரணம்.

மூன்றாவது டிசம்பரில், சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருந்த சமயம், பள்ளிக்கூட வாசலில் சேறாக இருக்கிறதே என்று மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். குந்தவை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. காதருகே வந்து, "இறக்கி விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க. வெக்கமா இருக்கு" என்றாள். இசைவாணி சேற்றிலேயே இறக்கி விட்டாள். சாயங்காலம் செந்தாமரை வீட்டுக்குப் போய் அவள் மகளின் சுடிதார் ஒன்றை இரவல் கேட்டாள். செந்தாமரை அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இசைவாணி போனில் விஷயத்தைச் சொன்னபோது குவைத்தில் சூர்யபிரகாஷ் கோபப்படவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னான், அவ்வளவுதான். ஸ்டுடியோவில் கிறிஸ்துமஸ் தாத்தாவாகப் பஞ்சு தாடியோடு உட்கார்ந்திருந்தது காத்தான். மற்ற நாட்களில் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டவன், மூன்று வருஷ வளர்த்தி சேர்ந்து வருவதால் கனமாக இருக்கும் என்று நாற்காலிக்குக் கீழே செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டான். இசைவாணி போனைத் தூக்கிப் பிடித்தாள். நெய்னா முகம்மது ரெடியா என்று கேட்டார். பல்பு மின்னியபோது நாற்காலி கிறீச்சிட்டது, குந்தவை சட்டையின் தோள் தையல் இரண்டும் பிரிந்தன, காத்தானின் வெள்ளைக் கையுறையில் இரண்டு பால்பற்கள் விழுந்தன. சாணியில் உருட்டிக் கூரைமேல் போட்டுவிடுங்கள் என்று அவற்றை இசைவாணியிடம் கொடுத்துவிட்டு, மரத்துப்போன காலை நீவிக்கொண்டான்.

போனில் பார்த்தால், மின்னிய நொடியில் சிக்னல் போய் சூர்யபிரகாஷின் முகம் அப்படியே நின்றிருந்தது. அந்தப் பக்கம் அவன் திரையில் நின்றிருந்ததும் நான்கு வயதுக் குந்தவைதான். சிக்னல் திரும்பியபோது, சுடிதார் மாற்றிக்கொண்டு வந்த ஏழு வயதுக்காரி ஒருத்தி, முன்பல் இல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசைவாணிக்குத் தான்தான் ஏதோ திருடிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அவன், இங்கே நல்ல கவுன் வந்திருக்கிறது, ஊருக்கு வரும்போது வாங்கி வருகிறேன், என்ன அளவு என்று மகளிடம் கேட்டான்.

குந்தவை நிஜமாகவே யோசித்தாள்.

"எந்த வருஷம் வர்றீங்கன்னு சொல்லுங்கப்பா. அளவு சொல்றேன்."