விட்டுப்போன ஒரு மாலை

தம்பியிடம் அக்கா கண்ட குறை ஒன்றே ஒன்றுதான்: சாமி இல்லை என்பான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வீட்டில் அவனுக்கு எதிர்க்கட்சி என்றே பெயர்.

அக்காவின் மகளுக்கு முதல் கரு தங்கவில்லை; இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். இந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை தினமும் மாலையில் வீட்டுச் சாமி படத்தின் முன் நின்று வாய்விட்டுப் பிரார்த்திப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் விடக்கூடாது. பாழாய்ப்போன குளியலறைத் தரை வழுக்கிவிட, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

கணவர் பக்தியில் ஊரையே தூக்கிச் சாப்பிடுகிறவர். ஆனால் அவர் "ஆச்சு, ஆச்சு" என்றால் பாதிகூட ஆகியிருக்காது என்பது குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? வேறு வழியில்லாமல் தனக்குப் பதிலாகப் பிரார்த்திக்கத் தம்பியைக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான், கடைசியில் சரி என்றான். நல்ல ஆளைப் பிடித்தாய் என்று கணவர் சிரித்தார்.

மாலையானால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. நின்றானா, கம்பி நீட்டினானா? கேட்கப் பயந்து கேட்கவே இல்லை.

ஒரு காலையில் தம்பி கிரீஸ் படிந்த சட்டையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"நேத்து விட்டுப்போச்சுக்கா. சும்மா சாஞ்சேன், தூங்கிட்டேன். முழிச்சா விடிஞ்சிருக்கு."

அக்காவுக்கு மகளின் முகம் கண்முன் வந்தது. அழுதேவிட்டாள்.

"மனசுக்குள்ள வச்சுக்க வேண்டியதுதானேப்பா? அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்று ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த கணவர் கடிந்துகொண்டார்.

"தெரியாதுங்கிறதாலதான் அத்தான் சொல்ல வேண்டியிருக்கு."

அக்காவின் அழுகை நின்றது. விட்ட ஒரு மாலையைச் சொல்ல இவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறானே!

"அப்போ மத்த நாளெல்லாம்?"

"சொன்னேன்."

"முழுசாவா?"

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. நடுவுல மறந்துட்டா மறுபடி முதல்லேருந்து."

தலைவலி நாட்களில் தானே அரைகுறையாக முணுமுணுத்து முடித்தது அவளுக்கு உறைத்தது. இவனோ யாரும் பார்க்காத வீட்டில், நம்பாத ஒன்றின் முன், மறந்த வரிக்காக முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீதான் நம்ப மாட்டியே. யார்கிட்டடா சொன்ன?"

"உங்கிட்டதான். சொல்றேன்னு உங்கிட்டதானே ஒத்துக்கிட்டேன்."

கணவர் தொண்டையைச் செருமினார். இனிமேல் தானே வீட்டில் நின்று பிரார்த்திப்பதாகச் சொன்னார்.

"வேண்டாங்க," என்றாள் அக்கா. "விட்டுப்போனதுக்கு நான் சாமிகிட்ட பேசிக்கிறேன். இவனே சொல்லட்டும்."