பின் பாய்மரத்துக் கயிறு

அண்ணன் அந்தக் கப்பலைத் தாரை வார்த்துக் கொடுத்தபோது அவள் வேலையில் இருந்தாள்.

சாயங்காலம் வந்து மாடியறைக் கதவைத் திறந்தவள், அறை மாறி நுழைந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். அவள் செய்துகொண்டிருந்த மரக்கப்பல் இல்லாமல் ஜன்னலோர மேசை மொட்டையாகக் கிடந்தது. இடுக்கிகள், நூல்கண்டுகள், தேன்மெழுகுக் கட்டி எல்லாம் ஓர் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. யாரோ அக்கறையாக மேசையைத் துடைத்துக்கூட விட்டிருந்தார்கள்.

கீழே போய்க் கேட்டபோது அண்ணிதான் விவரம் சொன்னாள். அண்ணனுடைய அலுவலக மேலாளர் வந்திருந்தாராம். பிள்ளைகள் 'கப்பல் அத்தை'யின் கப்பலைக் காட்டுகிறோம் என்று அவரை மாடிக்கு இழுத்துப் போனார்களாம். மனிதர் கப்பலைச் சுற்றிச் சுற்றி வர, உச்சி குளிர்ந்துபோன அண்ணன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான். அவர் பேச்சுக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை, கப்பலைத்தான் எடுத்துக்கொண்டார்.

அண்ணன் கெட்டவன் இல்லை. முகத்தில் அசடு வழிய நின்றான். ஆனால் சமாதானம் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டான்.

"இன்னொண்ணு செஞ்சுக்கலாம்ல? உனக்கென்ன, நேரமா இல்ல?"

அது உண்மைதான். அவளுக்கு நேரம் இருந்தது. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் என்ற பேச்சே வீட்டில் ஓய்ந்துபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. பகலெல்லாம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அப்படிப் பார்த்தால் எத்தனையோ பேருக்குச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அவளோடு பேசத்தான் ஆளில்லை. பின்னறைக்குள் நோயாளிகள் வருவதில்லை, அச்சு எடுத்த மாவுக்கட்டிகள்தான் வரும். யார் வாயில் எந்தச் சிரிப்பு ஏறியது என்று அவளுக்குத் தெரியாது. பொருந்தாத பல் திரும்பி வரும்; பொருந்தியது வராது. வேலை சுத்தம் என்பதற்கு அத்தாட்சியே, ஒருத்தரும் திரும்பி வராததுதான்.

மிச்சமிருந்த நேரமெல்லாம் கப்பலுக்குப் போனது. மரச்சீவலை வெந்நீரில் ஊறவைத்து, விலா எலும்பு போன்ற சட்டங்களின்மேல் வளைத்து, ஒவ்வொரு பலகையாக ஒட்டி, உடல் உருவாகவே வருஷம் திரும்பிவிட்டது. பிறகு மூன்று பாய்மரங்கள். பிறகு கயிறு. நூலை மெழுகில் இழுத்து, பயறளவு கப்பிகளில் கோத்து, இடுக்கியால் முடிச்சுப் போட வேண்டும். மூச்சு பலமாக விட்டால் நூல் நழுவும். முன் மரத்திலும் நடு மரத்திலும் முடித்துவிட்டாள். பின் மரத்துக்கு வருவதற்குள்தான் கப்பல் வீட்டைவிட்டே போய்விட்டது.

மறுநாள் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கப்பல் அரைகுறையாகப் போயிருக்கிறது, பின் மரத்துக்குக் கயிறு கட்டவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய் முடித்துக் கொடுக்கட்டுமா என்று. தங்கை கோபித்துக்கொள்வாள் என்று பயந்துகொண்டிருந்த அண்ணனுக்கு, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

மேலாளர் வீடு ஓர் உயரமான கட்டிடத்தில் இருந்தது. லிப்டைவிட்டு இறங்கினால் நீளமான நடை, ஒரே மாதிரி கதவுகள். அவள் போனபோது மேலாளர் சீட்டாடப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கப்பலைக் காட்டி, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவு சாத்தியதும் வீடு சட்டென்று அமைதியானது. நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண்மணி, மேலாளரின் மனைவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள். இவளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம்.

கப்பல் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. அவள் தரையில் பாயை விரித்து, அதை இறக்கி வைத்து, வேலையைத் தொடங்கினாள். அந்த அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, இந்தக் கயிறு எதற்கு என்று கேட்டாள். மரம் முன்னால் சாயாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள என்று இவள் சொன்னாள். அப்போது இது? மரம் பின்னால் சாயாமல் இருக்க. அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ எல்லாரும் சேந்து இழுத்துப் பிடிச்சாதான் அது நேரா நிக்கும்னு சொல்லுங்க."

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, தான் கடைசியாகச் சத்தமாகச் சிரித்தது எப்போது என்று யோசித்தாள்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் நாற்காலியைவிட்டுப் பாய்க்கு இறங்கிவிட்டாள். 'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது, 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை. கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அக்கா கல்யாணத்துக்கு முன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையே பேசவைத்தவள். இப்போது வீட்டுத் தொலைபேசி மணியடித்தால், பெரும்பாலும் தப்பான எண்ணாம். கணவர் நல்லவர்தான், கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை; வீட்டுக்கு வந்தால் டிவியைப் பார்ப்பார், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. இவளும் பின்னறையைப் பற்றிச் சொன்னாள். தன் கதையை இவ்வளவு நீளமாகச் சொல்ல முடியும் என்பதே இவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கயிறு என்று இருந்தால் ஒருநாள் முடியத்தானே வேண்டும்? கடைசி முடிச்சைப் போட்டு, நுனியை நறுக்கி, ஒரு சொட்டுப் பசை தொட்டு வைத்தாள். இருவரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நன்றாக வந்திருக்கிறது என்று அக்கா சொன்னாள். வாசல்வரை வந்தாள். லிப்ட் வரும்வரை நின்றாள். இனி எப்போது வருவாய் என்று அவளும் கேட்கவில்லை, வரட்டுமா என்று இவளும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் வந்து சொன்னான்: கப்பலில் ஏதோ கயிறு விட்டுப்போயிற்றாம், மேலாளர் வீட்டம்மா சொல்லியனுப்பினார்களாம்.

போய்ப் பார்த்தாள். பின் மரத்துக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தால் நூல் சுருண்டிருக்கும். இழுபட்டு அறுந்திருந்தால் நுனி பஞ்சாகப் பிரிந்திருக்கும். இந்த நுனி சவரம் செய்த மாதிரி இருந்தது. கத்தரிக்கோல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"இந்த மாதிரி ஆகும்," என்றாள் இவள். "கட்டிடலாம்."

அதிலிருந்து வாரம் ஒரு கயிறு விட்டுப்போயிற்று. வர வர அறுபடும் கயிறுகளும் விவரமாகிக்கொண்டே வந்தன. முதலில் சுலபமாகக் கை எட்டுகிற கயிறுதான். பிறகு, நாலு கயிற்றை அவிழ்த்தால்தான் தொடமுடியும் என்கிற உட்பக்கத்துக் கயிறு. எதை வெட்டினால் சாயங்காலம்வரை வேலை இழுக்கும் என்று அக்கா நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் வர முடியாது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அண்ணன் மாடிக்கு ஏறி வந்தான். முகம் கறுத்திருந்தது. மேலாளர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் கேலி பேசினாராம். உன் தங்கை கட்டியது கப்பலா, சீட்டு அடுக்கிய வீடா, தொட்டாலே குலைகிறதே என்றாராம்.

"நீ நல்லாத்தான் செய்வேன்னு நெனச்சேன். என் மானம் போச்சு. என்ன வேலை செஞ்சு வச்சிருக்க நீ?"

அவள் கட்டிய முடிச்சு ஒன்றுகூட இதுவரை அவிழ்ந்ததில்லை. இந்த உலகத்தில் அவள் தன்னுடையது என்று மார்தட்டிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிவந்த கழுத்து நினைவுக்கு வந்தது.

"நூல் சரியில்லண்ணா," என்றாள். "என் தப்புதான்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மேலாளர் அதற்கு ஒரு முடிவு கட்டினார். கப்பலுக்கு அளவெடுத்துக் கண்ணாடிப் பெட்டி செய்து, பூட்டியும் விட்டார். தூசியும் படாது, கையும் படாது என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னாராம். அப்புறம் ஒரு கயிறும் அறுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி நீண்டன. அவள் துணி துவைத்தாள், ஏற்கெனவே தேய்த்த துணியை மறுபடி தேய்த்தாள். கீழே பிள்ளைகள் சண்டை போடும் சத்தம், அண்ணி அதட்டும் சத்தம் எல்லாம் கேட்கும். இறங்கிப் போனால் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அப்படி நகர்ந்து இடம் கொடுப்பதுதான் அவளுக்குத் தாங்காது.

ஒரு ஞாயிறு, பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிட்டாள். கையில் இடுக்கியும் இல்லை, நூலும் இல்லை. அக்காதான் கதவைத் திறந்தாள்.

"பெட்டிச் சாவி அவர்கிட்ட இருக்கே," என்றாள் பதற்றத்தோடு.

"கப்பலப் பாக்க வரலக்கா."

அக்கா விலகி வழிவிட்டாள். இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு நாளும் பாயில் முட்டி இடிக்க உட்கார்ந்தவர்கள், இப்போது நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வெயிலைப் பற்றிச் சொன்னாள். இவள் பேருந்துக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். தேநீர் வந்தது, பிஸ்கட்டும் வந்தது, விருந்தாளிக்கு வைப்பதுபோல் தட்டில். கைகளை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பேச்சு இரண்டடி நடப்பதும் உட்கார்ந்துவிடுவதுமாக இருந்தது. அக்கா ஒருமுறை அவளை 'நீங்க' என்றுகூடச் சொல்லிவிட்டாள். இருவருமே அதைக் கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல், ஒரு கயிறு குறையாமல், நேராக நின்றது.

தேநீர் முடிந்ததும் அவள் எழுந்துவிட்டாள். அக்கா தடுக்கவில்லை. லிப்ட்வரை வந்தாள், கதவு மூடும்போது ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாள். சத்தமில்லாமல்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் மனுஷியாகப் போய் நிற்க இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்போல என்று தோன்றியது. அதற்கான வயதெல்லாம் போய்விட்டது என்றும் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க, வேலையிலிருந்து வந்ததும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சின்னதாக ஒரு படகு, ஒற்றைப் பாய்மரம். அடிமரத்தில் சட்டங்களைப் பொருத்தி, அதோடு நிறுத்திக்கொண்டாள். பலகை ஒன்றுகூட ஒட்டவில்லை. ஒருத்தியாகவே ஒட்டலாம், அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் வளைத்த பலகையை இரண்டு பேர் பிடித்தால் நன்றாக உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த எலும்புக்கூட்டைப் பழைய துண்டில் சுற்றி, துணிப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். கூட்டம் நெரித்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். உள்ளே கைக்குழந்தை என்று நினைத்தார்களோ என்னவோ. அவள் உட்கார்ந்தாள். போகிற சேதி சொல்லியனுப்பவில்லை. அக்கா வீட்டில் இருப்பாளா, கதவைத் திறப்பாளா, திறந்தால் என்ன சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. உயரமான அந்தக் கட்டிடம் தூரத்தில் தெரிந்ததும், நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டாள்.