முனியாயி ஸ்டாப்

முனியாயி ரோட்டோரம் வந்து நின்றால் எந்தப் பஸ்ஸும் அவளைத் தாண்டிப் போகாது. டவுன் பஸ், வெளியூர் பஸ், திருச்சியிலிருந்து எங்கும் நிற்காமல் வருகிற எக்ஸ்பிரஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. இஞ்சின் ஓடும், டிரைவர் மிதிப்பார், புகை வரும், சக்கரம் மட்டும் உருளாது. அவள் இரண்டடி பின்னால் ஒதுங்கினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி பஸ் கிளம்பிப் போகும். லாரிகளும் கார்களும் அவளைக் கண்டுகொள்வதில்லை. லாரியில் ஏறி ஆபீஸ் போகிறவர்கள் ஆனைமலை நகரில் யாரும் இல்லாததால் அதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

ஆனைமலை நகர் என்பது மதுரையிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுபத்தாறில் கட்டி முடித்த அடுக்கு வீடுகள். வீடு விற்கும்போது பூங்கா உண்டு, பால் பூத் உண்டு, வாசகசாலை உண்டு, வாசலிலேயே பஸ் ஸ்டாப் உண்டு என்றார்கள். குடிவந்து பார்த்தால் பூங்கா என்று எழுதிய பலகை இருந்தது, அதைச் சுற்றிக் கருவேலஞ்செடி இருந்தது. பால் சைக்கிளில் வந்தது, பாதித் தண்ணீரோடு. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. ஜனங்கள் புழுதியில் நடந்து ஒத்தக்கடைக்குப் போய் ஏறினார்கள். அடுக்கு வீட்டில் குடியிருப்பதே அப்போது பலருக்குப் புதுசு. தன் வீட்டுக் கூரை இன்னொருத்தர் வீட்டுத் தரை என்பது ஜீரணமாவதற்குச் சில வருஷம் பிடித்தது. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். புருஷன் பெண்டாட்டி சண்டையை ரகசியமாகப் போட வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும், அங்கே துணி காயப்போட யாராவது நிற்பார்கள்.

சங்கத்துக்குச் செகரட்டரி தவசி. அந்த இடமே அவருடைய நஞ்சையாக இருந்து விலைக்குப் போனதுதான். அதனால் தரைத்தளத்தில் முதல் வீட்டை எடுத்துக்கொண்டார். அவருக்கு நேர்மேலே முனியாயியின் வீடு. முனியாயியின் ஆத்தாள் அதே நஞ்சையில் கூலிக்கு நடவு நட்டவள். முனியாயியின் புருஷன் கருப்பு தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் பியூன். வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தபோது சீட்டு எடுத்தது ஒரு சின்னப் பிள்ளை, சாதி பார்த்து எடுக்கத் தெரியாத வயசு. முதல் ஆறு மாசம் தவசிக்குச் சரியான தூக்கமில்லை. தலைக்கு மேலே முனியாயி நடக்கிறாள் என்பதே காரணம், சத்தம் ஒன்றுமில்லை.

சங்கதி வெளியே தெரிந்தது ஒரு தூக்குவாளியால். கருப்பு ஒருநாள் சோற்றை மறந்துவிட்டுப் போய்விட்டார். முனியாயி வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தாள். அவர் அதற்குள் ஒத்தக்கடை போயிருந்தார். வந்த பஸ் அவள் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்து, "யக்கா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார். ஒதுங்கினாள், பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் அப்படியே. மூன்றாவது பஸ் நின்றபோது பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நாலைந்து பேர் ஏறிக்கொண்டார்கள். காரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தால் ஆபீஸுக்கு நேரமாகிவிடும்.

மறுநாள் காலையில் தவசியே படியேறி வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். அதுதான் முதல் தடவை. "ஏத்தா முனியாயி, செத்த நேரம் ரோட்டுப் பக்கம் வந்து நிக்கிறியா? புண்ணியமாப் போகும்" என்றார். அன்றிலிருந்து காலையில் ஆபீஸ் கூட்டம் ஏறும் வரைக்கும், சாயங்காலம் அவர்கள் வந்து இறங்கும் வரைக்கும் அவள் நின்றாள். ஒதுங்கி நிற்பதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஆத்தாளும் அவளுக்கு முந்தியவர்களும் ரோட்டில் ஆள் வந்தால் ஒதுங்கி நின்றே வாழ்ந்தவர்கள். எதிரே வருவது நின்றுவிடுகிறது என்பதுதான் அவளுக்குப் புதுசாக இருந்தது. ஆரம்பத்தில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பிடித்துவிட்டது.

ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். அவர் வந்த பஸ்ஸும் நின்றது. இறங்கி முனியாயியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு கண்டக்டர்கள் 'முனியாயி ஸ்டாப், இறங்கு இறங்கு' என்று கூவ ஆரம்பித்தார்கள். வீட்டு விலை ஏறியது. சங்கம் அவளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு நிழற்குடை கட்டிக்கொடுத்தது. அதில் கட்டிக்கொடுத்தவர் என்று தவசியின் பெயர் இருந்தது.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் பஸ்ஸை நிறுத்திய முனியாயியால் ஒரு பஸ்ஸிலும் போக முடியவில்லை. ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றில் அழகரைப் பார்க்கப் புருஷனோடும் மகளோடும் ஆசையாக ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. அவள் இறங்கியதும் கிளம்பிவிட்டது. உள்ளே புருஷனும் மகளும், ரோட்டில் அவள். ரிக்‌ஷா, மாட்டு வண்டி, தவசியின் அம்பாசடர் கார் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தால் மாடுகூட அசை போட்டுக்கொண்டு நின்றது. சரி, நமக்குக் கொடுத்து வைத்தது நடைதான் என்று விட்டுவிட்டாள். காலையும் சாயங்காலமும் ரோட்டில் நிற்கிறவளுக்கு நடந்து போய்த் திரும்பி வர நேரம் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது விடுவார்களா என்றால் அன்றைக்குத்தான் ஜனத்துக்குச் சினிமா.

மகள் தங்கப்பொண்ணு வளர்ந்தாள். ஆனைமலை நகர் மொட்டை மாடியில் பந்தல் போட்டு எண்பத்தாறில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சின்னானுக்குப் பசுமலையில் வீடு. முனியாயி நிழற்குடையில் நின்று பஸ்ஸை நிறுத்தி மகளை ஏற்றி அனுப்பினாள். ஒதுங்குவதற்குக் கொஞ்சம் தாமதித்தாள். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. மகளின் புகுந்த வீட்டை அவள் பார்க்கவே இல்லை. மேலூர் ரோட்டிலிருந்து பசுமலைக்கு மதுரையை முழுசாகக் குறுக்கே கடந்து போக வேண்டும். கருப்பு போய்வந்து வீடு இப்படி, கிணறு இப்படி, வாசலில் ஒரு முருங்கை என்று சொல்வார். அவள் கேட்டுக்கொள்வாள்.

மறு வருஷம் தங்கப்பொண்ணுக்கு ஏழாம் மாசம். தாய் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வர வேண்டும். தவசி சங்கத்தைக் கூட்டி யோசித்து, கருப்பு மட்டும் போனால் போதும் என்று சொல்லிவிட்டார். கருப்பு பஸ்ஸில் சோற்றுப் பானைகளோடு போனார். போன பானைகளோடு திரும்பி வந்தார். சம்பந்தியம்மாள் ஒச்சம்மாள் வாசலிலேயே சொல்லிவிட்டாளாம்: "ஏண்ணே, பெத்தவ வராம எந்த ஊர்ல பிள்ளைய அனுப்புவாக? பஸ்ஸு நிக்குதாம், ஏறுனா நகராதாம். இம்புட்டுக் கத எதுக்கு? வர மனசில்லேன்னு சொல்லச் சொல்லுங்க." மகள் என்ன சொன்னாள் என்று முனியாயி கேட்டாள். பானையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிறகு சொன்னார். "'ஊருக்கெல்லாம் நிக்கிற எங்கம்மா எனக்காக ஒரு நாளு நடந்து வரலேன்னா, நான் இங்கனயே பெத்துக்கிறேன்'னு சொல்லிருச்சு."

முனியாயி அழுதாள். மாடி வீடுகளில் அழுதால் கீழே கேட்கும். கேட்டது. மறுநாள் அவள் செகரட்டரி வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐயா, புதங்கிழம நான் நடந்து போறேன். எம்மகளக் கூட்டிட்டு வாரேன்" என்றாள். தவசி பதறினார். ஒருநாள் விட்டால் பஸ்காரனுக்கு நிற்கிற பழக்கம் போய்விடும், இத்தனை குடும்பம் நடுரோட்டில் நிற்கும், வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம், ஆளை அனுப்பிப் பேசலாம் என்று அடுக்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி சீனியம்மாள் வந்தாள். "நிக்கிறதுக்கு மட்டும் அவ வேணும், போறதுக்கு வேணாமாக்கும்? உங்க மக ஏழாம் மாசத்துக்கு நான் போகாம இருந்தேனா?" என்று கேட்டாள். தவசி கோபத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

புதன்கிழமை விடியலில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கிளறுகிற வாசனை மூன்று மாடிக்கும் போனது. முனியாயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி மதுரையைப் பார்த்து நடந்தாள். வளையலும் பூவும் கூடவே நடந்த கருப்பிடம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மேலூர் பஸ் வந்தது. அவளை நெருங்கியதும் நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. அவள் வழக்கப்படி ஒதுங்கினாள், பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸுக்கும் ஒதுங்கினாள். மூன்றாவது வந்தபோது கூடையோடு சரிவில் இறங்கிக் கால் பிசகியது. கொஞ்சம் சோறு மண்ணில் சிந்தியது. அவள் சிந்திய சோற்றைப் பார்த்தாள், ரோட்டின் நடுவுக்கு வந்தாள், நடந்தாள்.

"யக்கா, ஒதுங்குங்க" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னைக்கு ஒதுங்க மாட்டேன் தம்பி. எம்மக வீட்டுக்குப் போறேன்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் பின்னால் அடுத்த பஸ், அதற்குப் பின்னால் எக்ஸ்பிரஸ். எதிரே வந்த பஸ்கள் அவளுக்கு நேராக வந்ததும் நின்று, அவள் கடந்ததும் போயின. ஆனைமலை நகர் ஆபீஸ்காரர்கள் ஓடிவந்து வசதியாக ஏறிக்கொண்டார்கள். நடக்கிற வேகத்தில் போகிற பஸ்ஸில் ஏற ஸ்டாப் எதற்கு? வழியெல்லாம் வயல்காட்டு ஜனமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நினைத்த இடத்தில் ஏறி நினைத்த இடத்தில் இறங்கினார்கள். சிலர் பஸ்ஸை விட வேகமாக நடக்க முடியும் என்று இறங்கி நடந்தார்கள், பிறகு அவளோடு பேசிக்கொண்டே நடந்தார்கள். தல்லாகுளத்தில் டவுன் பஸ்கள் சேர்ந்துகொண்டன. கோரிப்பாளையத்தில் போலீஸ்காரர் ஏதோ சாமி வருகிறது என்று நினைத்து மற்ற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார், தொப்பியையும் கழற்றிக்கொண்டார். மதுரையில் அப்படி நினைப்பது தப்பில்லை. ஆற்றுப் பாலத்தில் வரிசை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இருந்தது. முனியாயிக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கண் முன்னால் ரோடு காலியாகத்தான் இருந்தது.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முந்தி பசுமலையில் ஒச்சம்மாள் முருங்கை மரத்தடியில் நின்று பார்த்தாள். தெருமுனையில் கூடையோடு ஒரு பெண், பக்கத்தில் கருப்பு அண்ணன், பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பஸ்கள், ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள். அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய சீர் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. ஒச்சம்மாள் வாயடைத்துப் போய்விடவில்லை, அவள் சுபாவம் அதுவல்ல. "வாங்க மதினி, பஸ்ஸுக்காரகளுக்கும் சேத்து உலை வைக்கிறேன், நீங்க மொதல்ல காலக் கழுவுங்க" என்றாள். தங்கப்பொண்ணு வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். செருப்பு அறுந்து, பாதம் வெடித்து, புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் முந்தானையால் துடைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். பார்த்த கண்டக்டர்களும் அழுதார்கள் என்று சொல்கிறார்கள்.

வளையல் போட்டு முடிந்ததும் திரும்பினார்கள். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சியை அந்தக் காலத்து ரோட்டில் பஸ்ஸில் ஏற்றுவதென்றால் யாருக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் முனியாயி முன்னால் நடந்தாள், பஸ் அவள் பின்னால் குலுங்காமல் வந்தது. தங்கப்பொண்ணு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பசுமலையில் ஏறியவள் எங்கும் பஸ் மாறவில்லை. முனியாயியின் பின்னால் போகிற பஸ்ஸுக்குத் தனியாக ரூட் ஏது? அம்மா களைத்து நின்ற இடத்திலெல்லாம் பஸ்ஸும் நின்றது. மகள் இறங்கித் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள்.

"யம்மா, காலு வலிக்கலையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"வலிக்கிது. நீ சாஞ்சு உக்காரு" என்றாள் முனியாயி.

விளக்கு வைத்த நேரத்தில் ஆனைமலை நகர் வந்தது. ரோட்டின் நடுவில் தவசி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தோடு கேள்வி கேட்பதற்காகத்தான் நின்றார். முனியாயி நொண்டி நொண்டி அவரை நோக்கி வந்தாள், நிற்கவில்லை. அவள் பின்னால் பஸ்ஸுக்குள் விளக்கு வெளிச்சத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். தவசி அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி, சரிவில் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அதைத் தான் செய்ததாகவே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற சீனியம்மாளுக்குத் தெரியும்.

தங்கப்பொண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பசுமலைக்குத் திரும்பிப் போனபோதும் அப்படித்தான் போனார்கள். அதற்குப் பிறகு மாசத்தில் ஒரு புதன்கிழமை முனியாயி பேரனைப் பார்க்க நடந்து போவது என்றாயிற்று. அந்த மாதிரி நாட்களில் மேலூர் ரோட்டு ஜனம் கையில் சோறு கட்டிக்கொண்டு, கொஞ்சம் சீக்கிரமாகவே வீட்டை விட்டுக் கிளம்பியது.