முப்பத்து மூன்று பாடங்கள், என் பெயரில்

1

இந்தக் கதை ஒரு பாராட்டுப் பத்திரத்திலிருந்து வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு என் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்தேன். ‘மிஸ் இப்திஸாம், ஒரே பருவத்தில் நாற்பத்தொரு அறிவியல் பாடங்களை இணையத்தில் பதிவேற்றியமைக்காக’ என்று அதில் எழுதியிருக்கும். இப்திஸாம் நான்தான். மீதியைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும், கதை முதல் பத்தியிலேயே படுத்துக்கொள்ளும்.

முதல் தொடக்கம்: ‘எங்கள் ஊர்க் கரக் கோட்டையின் மேல் பனி இறங்கிய ஒரு பிப்ரவரிக் காலையில்…’ வேண்டாம். கோட்டைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘வாரத்தின் முதல் பள்ளி நாளான ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி ஆசிரியை வருகிறாள். பன்னிரண்டு வாரம் என் ஏழாம் வகுப்பில் பாடம் எடுப்பாள். அவள் வருவதற்குள் வேலை செய்யும் ஸ்மார்ட் போர்டு வேண்டும். அவள் பெயரிலேயே ஓர் இணையக் கணக்கு வேண்டும்.’ இதையே வைத்துக்கொள்கிறேன்.

(கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எடுக்கிற ஒவ்வொரு பாடமும் கல்வித்துறைத் தளத்தில் பதிவாகும். யாருடைய கணக்கில் நுழைந்தோமோ அவர் பெயரில் பதிவாகும். தலைநகர் அம்மானில் இருக்கிற அவளுடைய பல்கலைக்கழகம் அந்தப் பெயரைத்தான் பார்க்கும். முப்பது பாடம் இல்லையென்றால் பட்டம் இல்லை.)

2

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து இரண்டு வருடம். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை. இங்கே பொருள் யார் கையெழுத்தில் இருக்கிறதோ, உடைந்தால் அவர் தலையில்தான் விடியும். எனவே கையெழுத்துப் போட்டவர் யாரையும் தொட விடமாட்டார். இந்த போர்டு ஆய்வகப் பொறுப்பாளர் ஸுஃப்யான் அம்மாவின் (மகன் பெயரைச் சொல்லித்தான் இங்கே அம்மாக்களைக் கூப்பிடுவோம்) கையெழுத்தில் இருந்தது.

(முதல் வரைவில் அவர் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகி, வில்லியாக்கியிருந்தேன். அழித்துவிட்டேன். சாவிக்கொத்து உண்மை, வில்லி பொய். குளிர் நாளில் ஹீட்டர் மேல் டீ வைத்து எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றுகிறவர் அவர்தான்.)

செவ்வாய்க்கிழமை அவரிடம் போய் நின்றேன்.

“உறையைக் கழட்டணுமா? நல்லா இருக்கே கதை! உங்க ஏழாம் கிளாஸ் பொண்ணுங்க ரொட்டியைத் தின்னுட்டு எண்ணெய்க் கையோட வந்து அப்புவாங்க.”

“ரெண்டு வருஷமா கல்யாணப் பொண்ணு மாதிரி மூடி வெச்சிருக்கீங்களே ஸுஃப்யான் அம்மா, மாப்பிள்ளை எப்பதான் வருவாரு?”

“நான் ரிட்டயர் ஆகிற அன்னிக்கு வருவாரு. போங்க மிஸ், ஒரு கீறல் விழுந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?”

“நான்தான் சொல்லுவேன். பொறுப்பை என் பேருக்கு மாத்தி எழுதுங்க.”

டீ கிளாஸ் அவர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. இப்படி ஒருவர் கேட்டு அவர் பார்த்ததில்லை.

“உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?”

“நல்லாத்தான் இருக்கேன். பதிவேட்டைக் கொண்டாங்க.”

கையெழுத்துப் போட்டேன். இருவருமாக உறையை உரித்தோம். அந்த பிளாஸ்டிக்கையும் அவர் மடித்து எடுத்துப் போனார்.

3

புதன்கிழமை, கணக்கு. தலைமை ஆசிரியையின் முத்திரையோடு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். கணினிப் பிரிவு எழுத்தர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“எதுக்கு மிஸ் இந்த அலைச்சல்? உங்க பாஸ்வேர்டையே அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுங்க. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.”

“தெரியும். போன வருஷம் நானும் அப்படித்தான் பண்ணேன்.”

“அப்புறம் என்ன? சரி, நாளைக்குப் பாக்கலாம், இன்ஷா அல்லா.”

“இன்ஷா அல்லா. அதுவரைக்கும் இந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கேன்.”

“மூணு மணிக்கு ஆபீஸை மூடிடுவோம் மிஸ்.”

“அப்ப மூணு மணிக்குள்ள பண்ணிடுங்க.”

முறைத்தார். நானும் முறைத்தேன். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் முறைத்த கண் இது. இரண்டு நாற்பதுக்கு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். “பொண்ணு பேரு என்ன?” என்றார். நான் உடனே

4

மன்னியுங்கள். அந்த வாக்கியத்தை முடிக்கவேண்டுமென்றால், உங்களிடம் மறைத்ததைச் சொல்லியாகவேண்டும்.

பெயர் பத்தூல். ‘ஒரு பயிற்சி ஆசிரியை’ என்று யாரோ புது ஆள் போல எழுதினேனே, அது ஏமாற்று. போன வருடமும் அவள் என் வகுப்பில்தான் இருந்தாள். கணக்குக்கு அலைய எனக்குச் சோம்பல். “என் பாஸ்வேர்டையே வெச்சுக்கோ, நமக்குள்ள என்ன!” என்றேன். தாராள மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாற்பத்தொரு பாடங்களில் என்னுடையவை எட்டு. முப்பத்து மூன்றும் பத்தூல் எடுத்தவை. தளத்தில் நாற்பத்தொன்றும் இப்திஸாம். காலைக் கூட்டத்தில் பத்திரம் கொடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். பத்தூலும் தட்டினாள்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: ‘இம்மாணவி எடுத்த பாடம் ஒன்றுகூடப் பதிவில் இல்லை. விளக்கம் தேவை.’ நான் பதில் எழுதவில்லை. பத்திரம் சுவரில் இருந்தது, எழுதக் கை வரவில்லை. அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அலங்கரித்து எழுதத் தெரியவில்லை.

இந்த முறை எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுத்தது அவளேதான். அதே பள்ளி, அதே வகுப்பு. ஏன் என்று எனக்குத் தெரியாது.

3 (மீதி)

…“பத்தூல்” என்றேன். அவர் தட்டினார். ஒரு வருடம் தாமதமான பதில் கடிதத்தையும், முப்பத்து மூன்று பாடங்களின் பட்டியலோடு, அவர் மேசையிலேயே வைத்து முத்திரை வாங்கினேன். அதை அம்மானுக்கு அனுப்பியாயிற்று. பழைய பாடங்களை அவர்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். புதுக் கணக்கு மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் திறந்தது.

5

இன்று வியாழன், கடைசி மணி அடித்துவிட்டது. பத்திரத்தைக் கழற்றிவிட்டேன், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. வகுப்பறைக் கணினியில் என் கணக்கிலிருந்து வெளியேறினேன். ஆறு வருடமாகப் பெயர்க் கட்டத்தில் தானாக வந்து நின்ற என் பெயரை அழித்தேன்.

இனி முடிவு.

முடிவு ஒன்று: பத்தூல் சிரித்துக்கொண்டே வந்து, “போனதெல்லாம் போகட்டும் மிஸ்” என்கிறாள். (எழுதியதும் நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அழித்தேன்.)

முடிவு இரண்டு: பன்னிரண்டு வாரமும் அவள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. (இதிலும் நான்தான் நடுவில் உட்கார்ந்து அழுகிறேன்.)

முடிவு மூன்று: அவள் கதவருகே நின்று, போர்டைப் பார்த்து, என்னிடம்

இல்லை. அவள் சொல்லப்போவதை நான் எழுதமாட்டேன். அவளுடையவற்றில் முப்பத்து மூன்றை என் பெயரில் வைத்துக்கொண்டவள் நான். முப்பத்து நான்காவதாக இதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் என்னோடு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருங்கள்.

பெயர்: பத்தூல்
பாடம் 1: