சீக்காளி எலிக்கு நோன்பில்லை

மஞ்சளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீரில் கரையவே கரையாது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று என்னதான் சொன்னாலும், ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போனால் யாருக்கு என்ன லாபம்? அதன் சத்தைப் பொடிப்பொடிக் கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்து உடம்பில் சேர வைப்பதிலேயே நஜீபாவுக்கு ஆறு வருஷம் போய்விட்டது. இந்த மாதத்தோடு முனைவர் பட்டப் பதிவு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தரமாட்டார்கள்.

நல்லவேளை, எலிகள் கைவிடவில்லை. வெறும் மஞ்சள்பொடி தின்ற சர்க்கரை எலிகளுக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. அவள் மருந்து தின்றவற்றுக்கு நூற்றுப் பதினெட்டு. வழிகாட்டிப் பேராசிரியர் திருஞானசம்பந்தம் அவளுக்குக் கைகொடுத்தார். அவர் யாருக்கும் கைகொடுத்து அவள் பார்த்ததில்லை.

கடைசிச் சோதனையன்று காலை ஏழு மணிக்கே ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய ஓர் எலியின் மீசையில் கஞ்சி ஒட்டியிருந்தது.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜவஹர் அலி தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிதான் புள்ள. நேத்து மிச்சம்."

"எலிங்களுக்கு இன்னைக்கு நோன்புன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. சீக்காளிக்கு நோன்பு கடமையில்லையே. நல்லா இருக்குற எலிங்களுக்கு ஒரு பருக்கை காட்டலை, அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன்."

நஜீபா கூண்டுகளின் பக்கம் திரும்பினாள். "என் மருந்து சாப்புடுற எலிங்களுக்கு?"

"மொத சோதனையப்ப குடுத்தேன். அப்பறம் இல்லை. அதுங்கதான் தேறிடுச்சே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உமி மாத்துறது யாரு? சர்க்கரை எலி விடிய விடிய மோண்டு உமியைச் சேறாக்கிடும். உங்க எலிங்க கூண்டுல இப்பல்லாம் உமி காஞ்சே கெடக்குது. தேறுனவன் நோன்பு வைக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி குடித்த எலிகளையும் பட்டினி கிடந்த எலிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பேராசிரியர் கைகொடுத்திருக்கிறார். அந்த எண்கள் எழுதிய காகிதத்துக்குக்கூட ஆகாது. திரும்பச் செய்ய ஒரு மாதமாவது வேண்டும். வாயை மூடிக்கொண்டால் பட்டம் கிடைக்கும். வாளியும் கழுவியாயிற்று.

ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நோட்டை எடுத்து, முந்தைய சோதனைகளின் மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டு, 'தீனி கொடுக்கப்பட்டது, செல்லாது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஜவஹர் அலி எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஏன் புள்ள அடிச்சுட்டீங்க? மருந்து கேக்கலையா?"

"கேக்குது மாமா," என்றாள் நஜீபா. அதற்குள் அழுகை வந்துவிட்டது. "நல்லா கேக்குது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."